காற்று இல்லாமல் விலகிய கம்பிகள்

என் பாக்கியம் மதினிக்கு,

காலையில் இருந்து எத்தனை தடவை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேனோ தெரியவில்லை. எதிர்வீட்டு ராசம்மாக்கா இன்னும் வரவில்லை. சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் இன்றைக்கு விசாரணை. பஸ்சுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அண்ணன் சட்டை மாட்டித் தலை சீவி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். உங்க மக கனகா ஜன்னல் பக்கம் நிற்கிறாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ராசம்மாக்கா நம்ம வீட்டுக்கு எதுக்கு வரணும்னு கேப்பீங்க. நீங்க போன இந்த ரெண்டு வருசத்தில் அவங்க நம்ம வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினதுகூட இல்லை. அதெல்லாம் நீங்க இல்லாதபோது நடந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீங்க கடைசியாக வேலைக்குப் போன அந்த மத்தியானம் ஒரு இலை அசையவில்லை, ஞாபகம் இருக்கா? தீபாவளி சீசன். நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்க கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. மருந்து காயவைக்க இருந்த மேடை பத்தாமல், வேலி ஓரமாகப் புதுசாக ஒரு மேடை கட்டினார்கள். பூச்சட்டிக்குள் போடுகிற மணி மருந்தைத் தட்டுத் தட்டாக அதில் காயப் போட்டு, நீங்களும் ராசம்மாக்கா மக செல்வியும் மாரியம்மாவும் கிளறிக்கொண்டிருந்தீங்க. மாரியம்மா தண்ணி குடிக்க எழுந்து போயிருக்கிறாள். அதனால் முதுகிலும் கையிலும் தீக்காயத்தோடு தப்பித்தாள். நீங்களும் செல்வியும் தப்பிக்கவில்லை.

தீ எப்படிப் பிடித்தது? கம்பெனியில் ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டார்கள். "பாக்கியலட்சுமி தட்டைத் தூக்காம இழுத்திருக்கு, உராய்ஞ்சு பத்திக்கிருச்சு." மூணு பேரில் நீங்கதான் மூத்த கை. தப்பை வைக்க அவர்களுக்குத் தோதான இடம். வீட்டில் தண்ணிக் குடத்தைக்கூட நீங்க நகர்த்த மாட்டீங்க, தூக்கித்தான் வைப்பீங்க. பத்து வருசத்துக்கு மேல் மருந்தோடு இருந்த பழக்கம். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

செல்விக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். ராசம்மாக்கா தெருவில் நின்று நம்ம வீட்டைப் பார்த்துக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "இத்தன வருசம் வேல பாத்தவளுக்குத் தட்டத் தூக்கி வைக்கத் தெரியாதா? எம்புள்ளைய முளுசாக் கொன்னுட்டாளே!" அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமாகக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் மாரியம்மா மட்டும் வேற மாதிரி சொன்னாள். "மேல போற கம்பி ரெண்டும் டப்புன்னு கை தட்டுச்சு. பெறவுதான் தீ." வேலிக்கு அந்தப் பக்கம் சுப்பையா என்பவரின் கிணறு இருக்கிறதே, அவர் மோட்டாருக்குப் போகிற ரெண்டு கம்பியைத்தான் சொன்னாள். புது மேடை அந்தக் கம்பிக்கு நேர் கீழே வந்துவிட்டிருந்தது. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். காத்தே இல்லாத மத்தியானத்தில் கம்பி எப்படி ஆடும்? வலியில் பிதற்றுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

மதினி, காத்து இல்லாமலும் கம்பி ஆடும்.

இந்த வருசம் பிளஸ் டூவுக்கு நான்தான் இயற்பியல் எடுக்கிறேன். கனகாவும் என் வகுப்புதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டுக்கு வந்தால் அத்தை. மின்னோட்டம் பாய்கிற ரெண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இணையாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று விசை செலுத்தும் என்று ஒரு பாடம் வரும். கரண்டு ரெண்டிலும் ஒரே திசையில் போனால் இழுத்துக்கொள்ளும். எதிரெதிர்த் திசையில் போனால் தள்ளிக்கொள்ளும். சூத்திரத்தை எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடும். கண்ணால் பார்க்கட்டுமே என்று, அச்சாபீசில் கழித்துப்போட்ட அலுமினியத் தாளில் ரெண்டு நீளத் துண்டு வெட்டிக்கொண்டு போனேன்.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, அடி நுனிகளை ஒரு கிளிப்பால் சேர்த்தேன். மேல் நுனிகளை லேபில் இருந்த பழைய கார் பேட்டரியில் கொடுத்தேன். ஒன்றில் இறங்குகிற கரண்டு மற்றதில் ஏறும். எதிரெதிர்த் திசை. கொடுத்ததும் தாள் ரெண்டும் வயிறு புடைத்த மாதிரி விலகி நின்றன. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். அப்போது அடியில் இருந்த கிளிப் கழன்று விழுந்தது.

கிளிப் போனதும் கரண்டு ஓட வழி இல்லை. தள்ளுகிற விசை போய்விட்டது. விலகி நின்ற தாள்கள் ஊஞ்சல் மாதிரித் திரும்பி வந்து ஒன்றோடு ஒன்று மோதின. மேலே பேட்டரி இன்னும் இணைப்பில்தானே இருக்கிறது? படீரென்று ஒரு பொறி. தாளில் ஓட்டை விழுந்து, எரிந்த துணுக்கு மேசையில் விழுந்தது.

வகுப்பே கை தட்டியது. கனகா மட்டும் தட்டவில்லை. மணி அடித்து எல்லாரும் போன பிறகும் மேசைப் பக்கத்திலேயே நின்றாள். பள்ளிக்கூடத்தில் என்னை அத்தை என்று கூப்பிட மாட்டாள், அன்றைக்குக் கூப்பிட்டாள். "அத்தை, மாரியம்மா சித்தி சொன்னது இதானா?"

பார்க்கணும் என்று மட்டும் சொன்னேன். உண்மை அதுவாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைதான் எனக்குப் பயமாக இருந்தது. நம்ம மதினி மேல் இருக்கிற பழி போகணும் என்பதற்காகப் பாடத்தை வளைக்கிறேனா? லைன் கம்பியில் வருகிற கரண்டு நொடிக்கு எத்தனையோ தடவை திசை மாறுமே, அப்புறம் எப்படித் தள்ளும்? தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு கம்பியிலும் சேர்ந்தேதான் திசை மாறும். எந்த நேரத்தில் பார்த்தாலும் எதிரெதிர்தான். சாதாரணமாக மோட்டார் ஓடும்போது அந்த விசை ஒரு நூலைக்கூட அசைக்காது. ஆனால் ஷார்ட் ஆகிவிட்டால் கரண்டு எகிறும். கரண்டு பத்து மடங்கு ஆனால் விசை நூறு மடங்கு. கம்பி தொய்வாகவும் இருந்தால் விலகாமல் என்ன செய்யும்?

சனிக்கிழமை மாரியம்மா வீட்டுக்குப் போனேன். கை விரல் மடங்காமல் போய்விட்டது அவளுக்கு. தீப்பெட்டி ஒட்டுகிற வேலைகூட முடியவில்லை. நான் எதையும் எடுத்துக் கொடுக்காமல், "அன்னைக்கு என்ன பாத்த, திரும்ப ஒரு தடவ சொல்லு"ன்னு மட்டும் கேட்டேன்.

"எதுக்குக் கேக்கீக டீச்சர்? யாரு நம்பப் போறா?"

"நான் நம்புறேனான்னு பாக்கணும். சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "செம்பத் தூக்கித் தண்ணி குடிச்சேன். அண்ணாந்து குடிக்கம்லா, அப்பத்தான் மேல பாத்தேன். உம்முன்னு ஒரு எரச்ச. கம்பி ரெண்டும் அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணா விரிஞ்சுச்சு. பெறவு வந்து டப்புன்னு ஒட்டுச்சு. தீயாச் சொட்டுச்சு."

முதலில் விரிந்தது என்றாள். அன்றைக்குக் கேட்டவர்களுக்குக் கை தட்டினது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. விரிந்ததை அவள் சொல்லியிருந்தாலும் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். படிக்காதவள் அதை எங்கே இருந்து கற்பனை செய்வாள்?

மறுநாள் அண்ணனும் நானும் சுப்பையா கிணற்றுக்குப் போனோம். அவர் சின்ன விவசாயி, கத்திரியும் மிளகாயும் போடுகிறவர். எங்களைப் பார்த்ததுமே தண்ணிக் குழாயைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு உங்க மோட்டாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அன்னைக்குத்தான்மா பொகைஞ்சுச்சு. சேறு அடைச்சு, மோட்டார் சுத்தாம உறுமிக்கிட்டே நின்னுச்சு. கேபிளு கருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. நான் ஓடியாரதுக்குள்ள பீஸ் போயிருச்சு. அப்பத்தான் அங்கிட்டு வெடிச்ச சத்தம். அதுக்கும் இதுக்கும் என்னம்மா இருக்கு?"

"பீஸ் கட்டையில என்ன கம்பி போட்டிருந்தீங்க?"

"அடிக்கடி போகுதுன்னு நாலு இழை முறுக்கிப் போட்டிருந்தேன்."

மெல்லிசான கம்பியாக இருந்தால் ஷார்ட் ஆன உடனே உருகி அறுந்திருக்கும். முறுக்கின கம்பி தாங்கித் தாங்கி நின்றிருக்கிறது. அத்தனை நேரமும் பெரிய கரண்டு ஒரு கம்பியில் போய் மற்றதில் திரும்பியிருக்கிறது. கம்பிகள் விலகியிருக்கின்றன. கடைசியில் மோட்டார் ரூமில் பீஸ் போனதும் விலகினவை திரும்பி வந்து மோதியிருக்கின்றன. மேலே லைனில் கரண்டு அப்படியே இருந்திருக்கிறது. என் கிளிப் கழன்ற கதைதான். நான் சொல்லச் சொல்ல சுப்பையா முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, என்னய உள்ள தள்ளப் போறீகளா? நான் தண்ணி பாய்ச்சத்தானம்மா..."

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, உங்களக் குத்தம் சொல்ல வரல. மெல்லிசா ஒரு பீஸ் கம்பி போடுங்க. அது போதும்." சரி என்றார். ஆனால் போடவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இப்போது மாற்றினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

உங்களைப் பறிகொடுத்த அதே இடத்தில் மறுபடியும் மேடை கட்டியிருந்தார்கள், மதினி. அதே கம்பி, அதே தொய்வு. மழையில் ஒரு கம்பம் சாய்ந்து இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சீசன் தொடங்கிவிட்டது. அந்த மேடையில் தட்டுத் தூக்குகிற பெண்களில் ஒருத்தர் யார் தெரியுமா? ராசம்மாக்கா. மகளை முழுங்கின இடத்துக்கு அவங்களை எது கூட்டிக்கொண்டு போனது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் உலை கொதிக்கணும், வேறென்ன.

கம்பெனி மேனேஜரைப் பார்த்தேன். "டீச்சர், புத்தகத்துல உள்ளதெல்லாம் புத்தகத்துல. சீசன் முடியட்டும், மேடைய மாத்திருவோம்" என்றார். சூலக்கரைக்குப் போய் மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறோம் என்றார்கள். ஆள் வருகிற வரைக்கும்? அந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பில் நிற்கும்போது ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தைப் பார்ப்பேன். இலை அசையாமல் நின்றால் பாடம் பாதியில் நின்றுவிடும். சுப்பையா மோட்டாருக்கும் காற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று புத்திக்குத் தெரியும். கண் கேட்கவில்லையே.

கடைசியில் ஒருநாள் காலை, கம்பெனி வேன் வருகிற முக்கில் ராசம்மாக்கா முன்னால் போய் நின்றேன். மற்றப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீங்க வேல பாக்கிற மேடைக்கு மேல போற கம்பி..."

"ஒங்க மதினி மேல கெடக்க பழிய எடுத்துக் கம்பி மேல போட வந்திருக்கியாக்கும்?"

"நீங்க என்னய என்ன வேணும்னாலும் திட்டுங்க. இத மட்டும் கேட்டுக்கோங்க. காத்து இல்லாத நேரத்துல அந்தக் கம்பி ரெண்டும் ஒண்ண விட்டு ஒண்ணு விலகுச்சுன்னா, அடுத்த சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடிருங்க. திரும்பி வந்து மோதுறதுக்குள்ள எம்புட்டு நேரம் இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"எம்மக செத்த எடத்துல நின்னு எனக்குப் பாடம் எடுக்காத, போ." வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் முதல் பாடவேளை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகுதான் சத்தம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் செய்வது உங்களுக்குத் தெரியுமே. யாரும் கத்தாது. அம்மா வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகள் மட்டும் எழுந்து நிற்கும். அன்றைக்குப் பாதி வகுப்பு நின்றது. புகை எந்தப் பக்கம் என்று யாரோ மாடியில் இருந்து சொன்னார்கள். நாரணாபுரம் பக்கம்.

ஆட்டோவில் போகும்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு நினைவில்லை. ராசம்மாக்கா, ராசம்மாக்கா என்று சொல்லிக்கொண்டே போனதாக ஆட்டோக்காரர் பின்னால் சொன்னார்.

மேடை இருந்த இடத்தில் கரும்புகை. ரோட்டுக்கு இந்தப் பக்கம், கருவேல மரத்தடியில், அந்த மேடையில் வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும், மதினி. ஒருத்திக்குக் கால் பிசகி வீங்கியிருந்தது, அவ்வளவுதான். ராசம்மாக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"மேல பாத்துக்கிட்டேதான் வேல பாத்தேன் தங்கம். ஒன் மேல உள்ள கோவத்துலதான் பாத்தேன். ஒண்ணும் நடக்கல பாத்தியான்னு ஒன் மூஞ்சிக்கு நேரா ஒருநா சொல்லணும்னு. இன்னைக்கு உம்முன்னு ஒரு எரச்ச. பாக்கேன், யாரோ நடுவுல கைய விட்டு வெலக்குன மாதிரி விரியுது. காத்து ஒரு பொட்டு இல்ல. ஏ ஓடுங்கடின்னு கத்துனேன். ஒருத்தி என்னக்கா என்னக்காங்கா. கேக்காதடி ஓடுன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். மொதத் தடவ மோதுனதுல சொட்டுனது வேலிக்கு அங்கிட்டுப் புல்லுல விளுந்துச்சு. மறுவடியும் விரிஞ்சு மோதுச்சு பாரு, அதுதான் மேடையில. அதுக்குள்ள நாங்க ரோட்டுக்கு வந்துட்டோம்."

சொல்லிக்கொண்டே வந்தவங்க சட்டென்று நிறுத்தினார்கள். என் கையை விடவில்லை.

"அப்ப அன்னைக்கும் இப்பிடித்தானா? எம்புள்ள குனிஞ்சு வேல பாத்துக்கிட்டு இருந்திருப்பா. மேல பாருன்னு சொல்ல ஒரு ஆளு இல்லையே அவளுக்கு. பாக்கியத்துக்கும் யாரு இருந்தா? தெருவுல நின்னு நான் என்னவெல்லாம் பேசுனேன்..."

அவங்களைக் கட்டிக்கொண்டு நின்றேன். தீயணைப்பு வண்டி வந்து எங்களை நகரச் சொல்லும் வரைக்கும் அப்படியே நின்றோம்.

அதுக்குத்தான் இன்றைக்கு விசாரணை. கம்பெனியில் இந்தத் தடவையும் அதே பாட்டுத்தான், கால் பிசகிய பெண் தட்டை இழுத்தாள் என்கிறார்கள். கம்பி விரிந்ததைக் கண்ணால் பார்த்தது ராசம்மாக்கா ஒருத்தர்தான். அவங்க மகன் வேலை பார்ப்பது அதே கம்பெனி முதலாளியின் அச்சாபீசில். நேற்று அவங்க வீட்டு வாசலில் கம்பெனிக் கார் ரொம்ப நேரம் நின்றது. எதையும் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்களாம். விசாரணைக்குக் கூட்டிப் போக இன்றைக்கும் காரே வரும் என்றார்களாம். நானாக இருந்தால் என்ன செய்வேன்? மகளை இழந்தாச்சு. இருக்கிறது ஒரு மகன்.

கனகா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள், ராசம்மாக்கா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறதாம். அண்ணன் எழுந்துவிட்டார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. நிறுத்துகிறேன் மதினி.

*

சாயங்காலம் ஆகிவிட்டது. வந்து முகம் கழுவிவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ராசம்மாக்காவைக் கார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றுதான் பஸ்சில் போகும்போது மூணு பேரும் நினைத்தோம். சூலக்கரையில் இறங்கி ஆபீஸ் வாசலுக்குப் போனால், மரத்தடியில் ராசம்மாக்கா உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் மாரியம்மா. அவளுக்குப் பக்கத்தில் துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சுப்பையா!

"காரு வரும்னாக. அதுக்கு முன்னாடி மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன்" என்றார்கள் ராசம்மாக்கா. "இந்த மனுசன் வர மாட்டேன்னாரு. நீரு வராட்டி நான் ஒம்ம கெணத்தடியிலயே உக்காந்துக்கிருவேன்னேன். வந்துட்டாரு."

உள்ளே ஒரு அதிகாரி, கூட ரெண்டு பேர். கம்பெனி ஆட்கள் எதிர்ப்பக்கம். முதலில் என்னைக் கேட்டார்கள். காகிதத்தில் ரெண்டு கோடு போட்டு, அம்புக்குறி போட்டு, எதிரெதிர்த் திசை என்று தொடங்கினேன். "காற்று இல்லாமல் எப்படிம்மா?" என்று அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நான் திணறுவதைப் பார்த்து ராசம்மாக்கா எழுந்துவிட்டார்கள்.

"அய்யா, அந்தப் புள்ள சொல்லுறது எனக்கும் வெளங்காது. ஆனா கம்பி விரிஞ்சத நான் கண்ணால பாத்தேன். விரிஞ்சா ஓடுன்னு இந்தப் புள்ள எனக்கு முன்னாடியே சொல்லுச்சு. ஓடுனேன். அதனாலதான் ஒங்க முன்னாடி நிக்கேன். ஆரும் தட்ட இழுக்கல."

சுப்பையா எழுந்து, தன் மோட்டார்தான் ரெண்டு தடவையும் ஷார்ட் ஆனது, பீஸில் முறுக்குக் கம்பி போட்டது தான்தான் என்று சொன்னார். எதையும் மறைக்காமல் முழுசாகச் சொன்னார். மாரியம்மா மடங்காத விரல்களை மேசை மேல் வைத்துக்கொண்டு அந்த நாளைச் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், கம்பிக்குக் கீழே அந்த இடத்தில் இனி மேடை கூடாது என்றார். லைனை வயல் வரப்பு ஓரமாகத் தள்ளிப் போடணும் என்றும், அதுவரை மோட்டாருக்கு இணைப்பு வேண்டாம் என்றும் சொன்னார்.

முடிந்தது என்று எல்லாரும் எழுந்தோம். ராசம்மாக்கா எழுந்திருக்கவில்லை.

"அய்யா, ரெண்டு வருசத்துக்கு முந்தி எளுதுனதுல பாக்கியலட்சுமி கைத்தவறுன்னு இருக்கும். அத அடிச்சிருங்க."

"அதை விசாரிக்காம மாத்த முடியாதும்மா."

"அப்ப விசாரிங்க. நாங்க எங்க போயிறப் போறோம்? இங்கனதான இருக்கோம்."

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். பழையதை எடுத்து வைக்கச் சொல்கிறேன், சாட்சி சொன்ன எல்லாரும் மறுபடி வரவேண்டியிருக்கும் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நடந்ததும் இதேதான் என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் மாரியம்மா பார்த்ததும் சுப்பையா மோட்டார் புகைந்ததும் எனக்குப் போதும். அண்ணனுக்கும் போதும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கம்பெனியைப் பூட்டியிருக்கிறார்கள். சீசன் நேரத்தில் வேலை போச்சே என்று தெருவில் சில பேருக்கு என் மேல் கோபம். ராசம்மாக்கா மகனை நாளையில் இருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வேறு அச்சாபீசில் கேட்டுப் பார்க்க அண்ணன் இப்போதே கிளம்பிப் போயிருக்கிறார். எதிர்வீட்டு வாசல் வழியாகத்தான் போனார். எத்தனை ஊரில் எத்தனை மேடை, எத்தனை தொய்ந்த கம்பி? மேலே பார்க்கச் சொல்ல அங்கெல்லாம் யார் இருக்கிறார்கள்?

அதனால் இந்தக் கடிதத்தை நான் மடித்து வைக்கப்போவதில்லை. நாலு பேர் வாசிக்கட்டும் என்று அச்சுக்குக் கொடுக்கப்போகிறேன். மாரியம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சங்குளத்தில் தொடங்கி ஒவ்வொரு ஊராகப் போகப் போகிறோம். மேடையில் வேலை பார்க்கிற பெண்களிடம் சொல்வோம். கம்பிக்குக் கீழே மருந்து காயவைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்க, கம்பி விலகினால் ஓடுங்க என்று. உங்க பேரையும் செல்வி பேரையும் சொல்லித்தான் சொல்வோம். என் காலும் குரலும் இருக்கிற வரைக்கும் இதை விடமாட்டேன், மதினி. கனகாவை நல்லாப் படிக்க வைப்பேன். இது ரெண்டும் நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பஸ் விட்டு இறங்கினதும் ராசம்மாக்கா அவங்க வீட்டுக்குப் போகவில்லை. நேராக நம்ம வீட்டுக்குள் வந்து, உங்க படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தனியா விடு ஆத்தா என்று கனகாவிடம் சொன்னார்கள். நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டோம். உள்ளே ரொம்ப நேரம் பேச்சுக் குரல் கேட்டது. என்ன பேசினார்களோ, எங்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கும்.

உங்க நாத்தனா,
தங்கம்